மாற்கு சுவிசேஷம்: யார், எப்போது, யாருக்கு? முன்னுரைக் குறிப்பில் எதைத் துணிந்து எழுதலாம்?

வேதபாடம்

எல்லோருக்கும் வணக்கம். பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பில் மாற்கு சுவிசேஷம் தொடங்கப் போகிறோம். முன்னுரையாக ஒரு பக்கக் குறிப்பு அச்சடித்துக் கொடுக்க வேண்டும். கையிலிருக்கும் விளக்கவுரைகளில் பாதி, "பேதுருவின் சீடர் யோவான் மாற்கு, கி.பி. 65 வாக்கில், ரோமாபுரியில், ரோமக் கிறிஸ்தவர்களுக்காக எழுதினார்" என்கின்றன. மீதிப் பாதி, "ஆசிரியர் பெயர் தெரியாது, 70க்குப் பிறகு, சிரியா" என்கின்றன. இரண்டு பக்கமும் சந்தேகமே இல்லாத தொனியில்தான் பேசுகிறார்கள். எந்தக் கூற்று எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்று பிரித்துச் சொன்னால் பெரிய உதவி.

கோயினே

நல்ல கேள்வி. அந்த 65 வாக்கியத்தைக் கவனித்துப் பாருங்கள். எழுதியவர் பேதுருவின் உதவியாளர்; பேதுரு ரோமில் மரித்தார்; ஆகவே நூலும் ரோமில்; நீரோவின் துன்புறுத்தல் 64இல்; ஆகவே நூல் 65இல். ஆண்டுக்கான சான்று என்று காட்டப்படுவது உண்மையில் ஆசிரியரைப் பற்றிய சான்றின் நிழல்தான். மூன்று கேள்விகளையும் தனித்தனியாக விசாரித்தால்தான் எது உறுதி, எது ஊகம் என்று தெரியும்.

ஆசிரியரிலிருந்து தொடங்குவோம். நூலுக்குள் எழுதியவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை. "நான் பார்த்தேன்" என்ற குரலும் கிடையாது. பெயர் வெளியிலிருந்து வருகிறது. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி பப்பியாஸ், ஹியராப்போலிஸ் நகரின் ஆயர் (இன்றைய துருக்கியில் பமுக்கலே). அவர் எழுதிய ஐந்து புத்தகங்களும் அழிந்துவிட்டன. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றின் மூன்றாம் புத்தகம், 39ஆம் அதிகாரத்தில் எடுத்துக்காட்டிய பத்திதான் மிச்சம். பப்பியாஸ் எழுதிய காலம் பொதுவாக 110 முதல் 130க்குள் வைக்கப்படுகிறது. அவரும் தாமாகச் சொல்லவில்லை. "மூப்பர்" ஒருவர் சொன்னதாகச் சொல்கிறார்.

அந்தப் பத்தியின் சாரம்: மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர்; நினைவில் இருந்ததைத் துல்லியமாக எழுதினார், ஆனால் வரிசைப்படி அல்ல; அவர் ஆண்டவரை நேரில் கேட்டவருமல்ல, பின்சென்றவருமல்ல; பிற்காலத்தில் பேதுருவைப் பின்சென்றவர்; பேதுரு தேவைக்கேற்பப் போதித்தாரே தவிர, கோவையாகத் தொகுத்துத் தரவில்லை.

இதில் இல்லாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் பெயர் இல்லை. ஆண்டு இல்லை. யாருக்காக எழுதினார் என்பது இல்லை. அப்போஸ்தலர் 12:12இல் வரும் எருசலேம்வாசி யோவான் மாற்குதான் இவர் என்ற வரியும் இல்லை. மார்க்குஸ் என்பது ரோமப் பேரரசு முழுக்கத் தெருவுக்குத் தெரு கேட்கும் பெயர். பேதுருவோடு இணைத்துப் பேசப்படும் மாற்கு 1 பேதுரு 5:13இல் வருகிறார்; அங்கே "பாபிலோன்" என்பது ரோமைக் குறிக்கும் என்பதால்தான் ஊரும் உள்ளே வந்தது. அந்த இணைப்பையும் யூசேபியஸ்தான் தம் இரண்டாம் புத்தகத்தில் செய்கிறார்.

எம்மாவு வழி

ஐயா, பப்பியாஸை இவ்வளவு ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. யாராவது ஒரு பெயரைக் கட்டிவிட நினைத்திருந்தால் பேதுருவின் பெயரையே வைத்திருப்பார்கள். பேதுரு நற்செய்தி என்று பிற்காலத்தில் ஒன்று எழுந்ததே. திருத்தூதர் அல்லாத ஒருவரை, இயேசுவை நேரில் கேட்காதவர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஆசிரியராகக் காட்டுவதில் யாருக்கு என்ன லாபம்? "வரிசைப்படி அல்ல" என்று குறையையும் சேர்த்துச் சொல்கிறாரே.

பப்பியாஸ் மட்டும்தான் சாட்சி என்பதும் சரியல்ல. 180 வாக்கில் லியோனின் ஆயர் இரேனியு, அதற்குச் சற்றுப் பின் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, இருவரும் மாற்கு என்றே சொல்கிறார்கள். வேறு பெயர் எங்குமே வரவில்லை.

கோயினே

பெயரை ஒதுக்கவில்லை. பெயர் மிகப் பழையது என்பதை முழு மனதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாட்சிகளை எண்ணும்போது ஒரு நிதானம் வேண்டும். இரேனியு பப்பியாஸின் நூலைப் படித்தவர். அவரே அதைக் குறிப்பிடுகிறார். ஆகவே அவரை இரண்டாவது தனிச் சாட்சியாகக் கணக்கில் சேர்க்க முடியாது. கிளமெந்தும் இரேனியுவும் ஆண்டு விஷயத்தில் மோதுகிறார்கள். பேதுரு, பவுல் இருவரின் "புறப்பாட்டுக்குப்" பிறகு மாற்கு எழுதிக் கொடுத்தார் என்கிறார் இரேனியு. அதை அவர்களின் மரணம் என்றே பெரும்பாலோர் படிக்கிறார்கள். கிளமெந்தோ, பேதுரு உயிரோடு இருக்கும்போதே கேட்டவர்கள் வேண்டிக்கொண்டதால் எழுதப்பட்டது என்கிறார். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் போதகர் யோவான் கிறிசோஸ்தோம் எகிப்தில் எழுதப்பட்டது என்று சொல்லிவிடுகிறார். பெயரில் ஒரே குரல்; ஊரிலும் காலத்திலும் அப்படி இல்லை. குறிப்பில் இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

சுவடிப்பிரியை

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "எல்லாச் சுவடியிலும் மாற்கு பெயர் இருக்கிறது" என்ற வாதம் அடிக்கடி வரும். உண்மைதான், ஆனால் அதன் எடையைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

மாற்கின் கணிசமான பகுதியைத் தரும் மிகப் பழைய சுவடி பாப்பிரஸ் 45 (பாப்பிரஸ் என்பது நாணல் தாள்; எண் சுவடிப் பட்டியலில் அதன் வரிசை). 3ஆம் நூற்றாண்டு. அதில் மாற்கு 4 முதல் 9 வரையும் 11, 12 அதிகாரங்களும் துண்டு துண்டாக உள்ளன. தொடக்க ஏடு இல்லை. தலைப்போடு கிடைக்கும் முழு மாற்கு 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் சுவடிகளில்தான். அங்கே "மாற்கின்படி" என்று இரண்டே சொல். லூக்கா, யோவான் தலைப்புகள் பாப்பிரஸ் 66, 75 ஆகியவற்றில் இதைவிட முன்பே கிடைக்கின்றன.

இருந்தாலும் அந்தத் தலைப்பின் அமைப்பு பேசுகிறது. "இன்னாரின் நற்செய்தி" என்று இல்லாமல் "இன்னாரின்படி" என்ற விசித்திரமான வடிவம் நான்கிலும் ஒரே மாதிரி. ஒரு சபையின் பேழையில் இரண்டாவது நற்செய்திச் சுவடி வந்து சேர்ந்த நாளே, எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை வந்துவிடும். அப்போது பெயர் வைக்காமல் முடியாது. அதனால் தலைப்பு 2ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பின்னால் போகாது என்று நம்புகிறேன். ஆனால் அது ஆசிரியர் தாமே எழுதிய தலைப்பு என்று இதிலிருந்து வராது.

நாத்தான்வேல்

சுவடி பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். சாக்கடல் அருகே கும்ரான் குகையில் மாற்கின் துண்டு கிடைத்தது, அதனால் 50க்கு முன்பே எழுதப்பட்டது நிரூபணம் என்று ஒரு காணொளி சுற்றுகிறதே. முதல் நூற்றாண்டு மாற்கு பாப்பிரஸ் என்றும் ஒன்று வந்தது. அவை என்ன ஆயின, அக்கா?

சுவடிப்பிரியை

இரண்டையும் குறிப்பில் சேர்க்காதீர்கள்.

கும்ரான் 7ஆம் குகையின் 5ஆம் துணுக்கு: 1972இல் ஹோசே ஓகாலகன் என்ற ஆய்வாளர் அதை மாற்கு 6:52-53 என்று முன்மொழிந்தார். அதில் இருப்பது ஏறக்குறைய 20 எழுத்து, அதிலும் பல பாதி. முழுச் சொல்லாகத் தெரிவது "காய்", அதாவது "உம்" என்ற இணைப்புச் சொல் ஒன்றுதான். மாற்கோடு பொருத்த, ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறி எழுதப்பட்டது என்று கொள்ள வேண்டும். "கரைக்கு" என்ற பொருளில் வரும் மூன்று சொற்கள் விடுபட்டன என்றும் கொள்ள வேண்டும். இவ்வளவு சிறிய துண்டில் இத்தனை சலுகை கொடுத்தால் வேறு பல நூல்களோடும் பொருத்திவிடலாம். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

முதல் நூற்றாண்டு மாற்கு என்று 2012 முதல் பேசப்பட்டது பாப்பிரஸ் 137. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு சிறு ஏட்டுத் துணுக்கு. முதல் அதிகாரத்தின் சில வரிகள், ஒரு பக்கம் 7-9, மறுபக்கம் 16-18. 2018இல் முறையாக வெளியிடப்பட்டபோது 2ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணிக்கப்பட்டது. மாற்குச் சுவடிகளில் அதுவே பழையதாக இருக்கலாம். பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் முதல் நூற்றாண்டு இல்லை.

பொதுவாகவே எழுத்தின் வடிவை வைத்துக் காலம் கணிக்கும்போது ஐம்பது முதல் நூறு ஆண்டு அகலம் விட வேண்டும். சுவடியின் வயது, நூல் அதற்குப் பிந்தியதல்ல என்று மட்டுமே சொல்லும். நூல் எழுதப்பட்ட ஆண்டை எந்தச் சுவடியாலும் சொல்ல முடியாது.

வேதபாடம்

நன்றி அக்கா, நன்றி ஐயா. அப்படியானால் ஆண்டை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கோயினே

பெரும்பாலும் 13ஆம் அதிகாரத்தை வைத்து. அதற்கு முன் பின் எல்லையைப் போட்டுக்கொள்வோம். மத்தேயுவும் லூக்காவும் மாற்கை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். மாற்கின் 661 வசனங்களில் ஏறக்குறைய 600இன் சாரம் மத்தேயுவில் இருக்கிறது. அந்த இருவரையும் 80-90 வாக்கில் வைத்தால், மாற்கு படியெடுக்கப்பட்டுப் பரவ வேண்டிய அவகாசத்தையும் சேர்த்து, 75க்கு மேல் தள்ளுவது கடினம்.

முன் எல்லைக்கு 13:2 மற்றும் 13:14. எருசலேம் ஆலயம் எரிந்தது கி.பி. 70 ஆகஸ்டில். "கல்லின்மேல் கல் இராது" என்ற வாக்கு நடந்த பின் எழுதப்பட்டதா, நடக்கும் முன்பா என்பதுதான் வழக்கு.

"முன்கூட்டியே சொல்ல முடியாது, ஆகவே 70க்குப் பின்" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. விசுவாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், வரலாறே அதற்கு எதிராக இருக்கிறது. அனனியாவின் மகன் இயேசு என்ற கிராமத்து ஆள் ஒருவர், ரோமருக்கு எதிரான யூதப் போர் தொடங்க நான்கு ஆண்டு முன்னதாக, 62ஆம் ஆண்டுக் கூடாரப் பண்டிகையில் தொடங்கி, எருசலேமுக்கும் ஆலயத்துக்கும் ஐயோ என்று ஏழு ஆண்டுக்கு மேல் கத்திக்கொண்டே இருந்ததாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் தம் "யூதப் போர்" நூலின் ஆறாம் புத்தகத்தில் எழுதுகிறார். அவரைச் சவுக்கால் அடித்தும் நிறுத்தவில்லை. முற்றுகையில் கல் விழுந்து இறந்தார். மீகா 3:12 வேறு ஏற்கெனவே இருக்கிறது. அழிவை முன்னறிவிப்பது அந்த நகரத்துக்குப் புதிதல்ல.

மறுபக்கத்து வாதமும் அவ்வளவு பலமில்லை. "ஆலயம் தீயில் அழிந்தது, மாற்கு தீயைச் சொல்லவில்லை, மேற்குச் சுவரில் இன்றும் கல்மேல் கல் நிற்கிறது, ஆகவே நடக்கும் முன் எழுதியது" என்பார்கள். மேற்குச் சுவர் மேடையின் தாங்குசுவர், ஆலயக் கட்டடம் அல்ல. தீக்குப் பின் நகரத்தையும் ஆலயத்தையும் தரைமட்டமாக்க ரோமத் தளபதி தீத்து உத்தரவிட்டதாக யோசேப்பஸ் ஏழாம் புத்தகத்தின் தொடக்கத்தில் சொல்கிறார். இடித்த பின் பார்த்தவருக்கு "கல்லின்மேல் கல் இராது" சரியான வருணனையே.

முடிச்சு 13:14இல் இருக்கிறது. பாழாக்கும் அருவருப்பு "நிற்கத்தகாத இடத்தில் நிற்பதைக்" காணும்போது யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓட வேண்டும். கிரேக்கத்தில் "அருவருப்பு" அஃறிணை. "நிற்கிற" என்ற எச்சமோ ஆண்பால். எழுதியவர் மனத்தில் ஒரு பொருள் இல்லை, ஓர் ஆள் நிற்கிறார். யார்? 40ஆம் ஆண்டில் தம் சிலையை ஆலயத்தில் வைக்க உத்தரவிட்ட ரோமப் பேரரசர் காலிகுலா, 67-68இல் ஆலயத்தைப் பிடித்துத் தகுதியில்லாத ஒருவரைத் தலைமைக் குருவாக்கிய தீவிரவாதிகள், 70இல் உள்ளே நுழைந்த தீத்து என மூன்று பேரைச் சொல்வார்கள். தீத்து என்றால் அறிவுரை பொருந்தவில்லை. அவர் ஆலயத்துக்குள் நின்ற நேரத்தில் மலைக்கு ஓட யாருக்கும் வழியில்லை. நகரம் மாதக்கணக்கில் முற்றுகையில் இருந்தது. 13:18இல் "மாரிக்காலத்தில் நேராதபடி வேண்டுங்கள்" என்கிறார். நடந்ததோ கோடையில். முடிந்துபோன ஒன்றைப் பார்த்து எழுதுகிறவர் இப்படி எழுதுவாரா என்பது எனக்குள்ள தயக்கம்.

என் தீர்ப்பு: போர் நடந்துகொண்டிருக்கும்போது, 66க்கும் 70க்கும் இடையில், அல்லது முடிந்த உடனே. 70க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அடித்துச் சொல்ல நூலில் போதுமான தடயம் இல்லை.

கலிலேயா கரை

40ஆம் ஆண்டு என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். காலிகுலா நெருக்கடிக்கு 13:14 நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது அந்த வாக்கு உருவான காலத்துக்கு. நூலின் காலம் அதுவாக வேண்டியதில்லை. செய்தியின் வயதையும் நூலின் வயதையும் குழப்புவதுதான் இந்தத் தலைப்பில் அடிக்கடி நடக்கும் பிழை. இன்னொரு உதாரணம்: பாடுகளின் வரலாற்றில் தலைமைக் குருவின் பெயரை மாற்கு ஓரிடத்திலும் சொல்லவில்லை. மத்தேயு கயபா என்கிறார். கயபா 18 முதல் 37 வரை பதவியில் இருந்தவர். அவர் பதவியில் இருந்தபோதே சொல்லப்பட்ட வரலாறு, அதனால்தான் "தலைமைக் குரு" என்றால் போதுமானதாக இருந்தது என்று சிலர் வாதிடுவார்கள். அது சரியென்றாலும் மாற்கு கைக்குக் கிடைத்த ஆதாரம் பழையது என்றே ஆகும்.

எம்மாவு வழி

வாசகர் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நூலே நேரடியாகப் பேசுகிறது. மூன்று கேள்விகளில் மிக உறுதியாக எழுதக்கூடியது இதுதான்.

அரமேயச் சொல் வரும் இடங்களைப் பாருங்கள்: 3:17, 5:41, 7:11, 7:34, 14:36, 15:22, 15:34. ஒவ்வொன்றிலும் உடனே கிரேக்கப் பொருள் கொடுக்கிறார். ஆக, வாசகர்களுக்கு அரமேயம் தெரியாது. 7:3-4இல் யூதர்கள் கை கழுவும், கிண்ணம் கழுவும் வழக்கத்தை விளக்குகிறார். 14:12இல் புளிப்பற்ற அப்பப் பண்டிகையின் முதல் நாளில் பாஸ்காவைப் பலியிடுவார்கள் என்கிறார். 15:42இல் ஆயத்த நாள் என்றால் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் என்கிறார். யூதருக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை. மத்தேயு 15இல் அதே கை கழுவும் சர்ச்சை வருகிறது, விளக்கம் இல்லை. அவர் வாசகர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் முற்றிலும் வெளியாட்களும் அல்ல. எலியா யார், பரிசேயர் யார், மானிட மகன் என்றால் என்ன என்று எங்கும் விளக்கம் இல்லை. பிலாத்து 15:1இல் பதவிப் பெயர் கூட இல்லாமல் வந்து நிற்கிறார். ஏற்கெனவே நம்பிக்கைக்குள் வந்தவர்கள், கிரேக்கத்தில் பழைய ஏற்பாட்டைக் கேட்டுப் பழகியவர்கள், பெரும்பாலும் பிற இனத்தார்.

அடுத்து உரோமை. இலத்தீன் சொற்கள் குவிந்திருக்கின்றன. நூற்றுவர் தலைவரைப் புதிய ஏற்பாட்டில் "கெந்தூரியோன்" என்று இலத்தீனிலேயே எழுதுபவர் மாற்கு மட்டும்தான் (15:39, 44, 45). மத்தேயுவும் லூக்காவும் அங்கே கிரேக்கச் சொல் போடுகிறார்கள். 6:27இல் "ஸ்பெகுலாத்தோர்", அதாவது தலையை வெட்டும் காவலன். 12:42இல் ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு லெப்தா, "அதாவது ஒரு கொதிராந்து" என்கிறார். கிரேக்க நாணயத்தை உரோமை நாணயத்தால் விளக்குகிறார் என்றால் வாசகர் எங்கே இருந்தார்கள்? 15:16இல் "முற்றம், அதாவது பிரைத்தோரியம்" (ஆளுநர் மாளிகை).

15:21இல் சீரேனே ஊர் சீமோன், "அலெக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை". உரோமையர் 16:13இல் பவுல் வாழ்த்துகிற ரூபு அங்கேதான் இருக்கிறார். 8:34-38, 10:30, 13:9-13 எல்லாம் துன்புறுத்தப்படும் சபைக்கு எழுதியவை. 64இல் பிடிபட்டவர்கள் சொன்ன தகவலை வைத்து மற்றவர்களைப் பிடித்தார்கள் என்று உரோமை வரலாற்றாசிரியர் தாசித்து எழுதுகிறார். "சகோதரன் சகோதரனைக் காட்டிக்கொடுப்பான்" என்ற 13:12ஐ அந்தச் சபையில் வாசித்தால் எப்படிக் கேட்டிருக்கும்!

கலிலேயா கரை

முதல் பாதி முழுக்க ஏற்கிறேன். உரோமைப் பகுதியில் மூன்று இடத்தில் தடுக்கிறது.

கொதிராந்து: அதே சொல் மத்தேயு 5:26இலும் வருகிறது, "கடைசிக் கொதிராந்தைக் கொடுக்கும்வரை". மத்தேயுவைப் பெரும்பாலோர் சிரியாவில் வைக்கிறார்கள். சிரியாவில் புரிந்த சொல் உரோமையை எப்படி நிரூபிக்கும்? கணக்கும் எளிது: 2 லெப்தா 1 கொதிராந்து, 4 கொதிராந்து 1 அஸ், 16 அஸ் 1 தெனாரியம். அதாவது தெனாரியத்தில் 64இல் ஒரு பங்கு. பேரரசின் எந்த மூலையிலும் உரோமைக் கணக்கு தெரிந்தவருக்கு இது தெரியும்.

இலத்தீன் சொற்கள்: லேகியோன், கெந்தூரியோன், பிரைத்தோரியம், தெனாரியம், கென்சு (வரி) எல்லாமே படை, வரி, காசு, நீதிமன்றம் சம்பந்தப்பட்டவை. படை போன இடமெல்லாம் இந்தச் சொற்களும் போயின.

ரூபு: அந்தப் பெயர் ஏராளம். 1941இல் எருசலேமின் கிதரோன் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புப் பேழையில் "சீமோனின் மகன் அலெக்சாந்தர்" என்று கூட எழுதியிருக்கிறது. அதையும் வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. 15:21 காட்டுவது, முதல் வாசகர்களுக்கு அந்த இரண்டு மகன்களைத் தெரியும் என்பதை. மத்தேயுவும் லூக்காவும் அந்தப் பெயர்களை விட்டுவிட்டார்கள். அவர்கள் வாசகர்களுக்குத் தெரியாது. ஆக, இது ஊருக்கான சான்று அல்ல, காலத்துக்கான சான்று. இயேசு சிலுவையில் இறந்தது 30 வாக்கில் என்றால், அன்றைக்கு நடு வயதில் இருந்தவரின் மகன்கள் ஊரறிய நடமாடிய காலம் 60கள், 70களுக்குள் அடங்கும்.

சிரியாவுக்கு என்ன இருக்கிறது? 7:26இல் அந்தப் பெண்ணைச் சிரிய பெனிக்கியர் என்கிறார். கலிலேய ஏரியை "கடல்" என்கிறார், அந்த வட்டார வழக்குப்படி. லூக்கா "ஏரி" என்று திருத்துகிறார். போரின் பதற்றம் பக்கத்து வீட்டுச் சத்தம் போலக் கேட்கிறது. 66இல் சிரிய நகரங்களில் யூதருக்கும் மற்றவர்க்கும் நடந்த கொலைகளை யோசேப்பஸ் விவரிக்கிறார். 13:12 அங்கேயும் பொருந்தும்.

எம்மாவு வழி

சிரியா என்றால் 7:31ஐ என்ன செய்வீர்கள்? தீரிலிருந்து புறப்பட்டு, சீதோன் வழியாக, தெக்கப்பொலி நடுவே கலிலேயக் கடலுக்கு வருகிறார். சீதோன் தீருக்கு வடக்கே 35 கிலோமீட்டருக்கு மேல், கடலோ தென்கிழக்கே. 5:1இல் கெரசேனர் பகுதியில் பன்றிகள் பாய்ந்து கடலில் விழுகின்றன; கெரசா கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. பக்கத்திலேயே இருந்து எழுதியவர் இப்படி எழுதுவாரா?

கலிலேயா கரை

அந்தக் கல் எருசலேம்வாசி யோவான் மாற்கின் மீதும் விழும்! எருசலேமில் வளர்ந்தவருக்கு வடக்கு எல்லை தெரியாமல் இருக்கலாம் என்று நீங்கள் சொன்னால், சிரியாவின் அந்தியோக்கியாவில் இருந்தவருக்கும் அதே சலுகை கொடுங்கள். 7:31 சுற்றுவழிதான், நடக்க முடியாத வழி அல்ல. புவியியல் பிழைகள் எழுதியவர் கலிலேயர் அல்ல என்பதற்குச் சான்று. அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

7:3இல் "யூதர் எல்லாரும்" கை கழுவுவதாகச் சொல்வதை வைத்து எழுதியவர் யூதரே அல்ல என்பார்களே, அதுவும் அப்படித்தான். அரிஸ்தேயாவின் கடிதம் ஒரு யூதர் கிரேக்கத்தில் எழுதியது. அதிலும் கை கழுவுவது "யூதர் எல்லாருடைய வழக்கம்" என்று வருகிறது. வெளியாருக்கு விளக்கும்போது உள்ளூர்க்காரரும் இப்படிப் பொதுப்படையாகத்தான் பேசுவார்.

வேதபாடம்

வகுப்பில் வெறுமனே சொல்லாமல் அவர்களே கண்டுபிடிக்கும்படி ஏதாவது பயிற்சி கொடுக்கலாமா?

சுவடிப்பிரியை

கொடுக்கலாம், ஒரு பக்கத்தில் அடங்கும். மாற்கு 13:14, மத்தேயு 24:15, லூக்கா 21:20 மூன்றையும் பக்கம் பக்கமாக மூன்று பத்தியில் அச்சடியுங்கள். பொதுவான சொற்களின் கீழ் கோடு, ஒருவர் மட்டும் சொல்வதற்கு வட்டம். மாற்கில் புதிர் போல ஒரு வாக்கியம், நடுவில் "வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்" என்ற குறுக்குக் குரல். அது கூட்டத்துக்கு முன் சத்தமாக வாசிப்பவருக்கு எழுதியவர் தரும் சைகை. பெரும்பாலோர் காதால் கேட்டவர்கள். மத்தேயு அதே வாக்கியத்தில் தானியேல் பெயரையும் "பரிசுத்த இடத்தில்" என்பதையும் சேர்த்துத் தெளிவாக்குகிறார். லூக்கா புதிரையே எடுத்துவிட்டு "எருசலேமைப் படைகள் சூழ்ந்திருப்பதைக் காணும்போது" என்கிறார். நடந்ததை அறிந்தவர் எழுத்து எப்படி இருக்கும் என்பதற்கு லூக்கா நல்ல மாதிரி. அதை எதிரில் வைத்துப் பார்த்தால்தான் மாற்கின் மங்கல் தெரியும்.

இங்கே ஒரு பொறி. பழைய திருப்புதலை (பழைய தமிழ் மொழிபெயர்ப்பை) மட்டும் வைத்து இதைச் செய்தால் பயிற்சி பாழ். அதன் மூலம் பிற்காலச் சுவடி மரபைத் தழுவியது. மாற்கு 13:14லேயே "தானியேல் தீர்க்கதரிசி" வந்துவிடும். மத்தேயுவிலிருந்து படியெடுத்தவர்கள் சேர்த்தது. பழைய சுவடிகளின் மாற்கில் அது இல்லை. 5:1இல் அதே பதிப்பில் "கதரேனர்" இருப்பதால் கெரசா சிக்கலும் மறைந்துவிடும். 1:2இல் "ஏசாயா" என்ற பெயர் போய் "தீர்க்கதரிசன ஆகமங்களில்" என்று இருக்கும்; அங்கே முதல் மேற்கோள் மல்கியாவிலிருந்து வருவதால் யாரோ திருத்தியிருக்கிறார்கள். இந்த மூன்று வசனங்களுக்கும் 1995இன் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள்.

கோயினே

அக்கா சொன்னதோடு ஒன்று. 16:15, "உலகமெங்கும் போய்ச் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்" என்பதை எடுத்து, பிற இனத்தாருக்காக எழுதப்பட்டது என்று சான்று காட்டுவார்கள். காட்டக் கூடாது. சினாய், வத்திக்கான் சுவடிகளில் நூல் 16:8உடன் முடிகிறது. 9 முதல் 20 வரை பழையதுதான், இரேனியுவே 16:19ஐ மேற்கோள் காட்டுகிறார். ஆனால் நடையும் சொல்லும் மாற்கினுடையவை அல்ல. பிற இனத்தார் என்பதற்கு 7:24-30, 13:10, 15:39 போதும்.

பேதுரு இணைப்புக்கும் இரண்டு பக்கத்தையும் காட்டுங்கள். 1:16இல் முதலில் பெயர் சொல்லப்படும் சீடர் சீமோன். 16:7இல் கடைசியாகப் பெயர் சொல்லப்படுபவர் பேதுரு. அது ஆதரவு. மத்தேயு 16:18இன் "இந்தக் கல்லின்மேல்", மத்தேயு 14இல் அவர் தண்ணீர்மேல் நடந்தது இரண்டும் மாற்கில் இல்லை. அதைப் பேதுருவின் பணிவு என்றும் படிக்கலாம், மாற்குக்கு அவர் நேரடி ஆதாரம் இல்லை என்றும் படிக்கலாம்.

வேதபாடம்

குறிப்புக்கான வரிகளை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சபை மரபு இதைப் பேதுருவின் உடன் ஊழியர் மாற்கு எழுதியதாகச் சொல்கிறது. காலம் ஏறக்குறைய கி.பி. 65-75, யூதப் போரின் நிழலில். அரமேயமும் யூத வழக்கங்களும் அறியாத, ஆனால் ஏற்கெனவே விசுவாசிகளான, கிரேக்கம் பேசுகிற, துன்பத்தை எதிர்கொள்கிற சபைக்கு எழுதப்பட்டது. இடம் ரோமாபுரி என்பது பழைய மரபு. சிரியா என்றும் வாதிடப்படுகிறது."

எம்மாவு வழி

நன்றாக இருக்கிறது. "ஒரு சபைக்கு" என்று சுருக்காமல் "சபைகளுக்கு" என்று போட முடியுமா பாருங்கள். பத்து இருபது ஆண்டுக்குள் வெவ்வேறு ஊர்களில் இருந்த மத்தேயு, லூக்கா இருவர் கையிலும் இந்நூல் இருந்திருக்கிறது. எங்கே எழுதப்பட்டாலும் வேகமாகப் பயணம் செய்த நூல்.

கோயினே

"யூத வழக்கங்களும் அறியாத" என்பதை "யூத வழக்கங்களில் பலவற்றை அறியாத" என்று மாற்றுங்கள். ஓய்வுநாளை எங்கும் விளக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம். வகுப்பில் யாராவது 2:26ஐக் கேட்பார்கள், தயாராக இருங்கள்: தாவீது அப்பம் சாப்பிட்டபோது குரு அகிமெலேக் (1 சாமுவேல் 21), மாற்கோ அபியத்தார் என்கிறார். மத்தேயு 12:4, லூக்கா 6:4 இரண்டிலும் அந்தப் பெயர் கிடையாது. மாற்கை முன்வைத்து மற்ற இருவரும் எழுதினார்கள் என்று காட்ட அந்த ஓர் இடமே போதுமான அளவு பேசும். எதிர்த் திசையில், பிழையில்லாத நூலைப் பார்த்து எழுதுகிறவர் வலியப் போய் ஒரு பெயர்ச் சிக்கலைச் சேர்த்தார் என்று விளக்குவது கடினம்.